நெஞ்செரிச்சலுக்கு ஆறு பில்: டர்பனில் எங்கள் நான்கு மாத அலைச்சல்

நேற்றுதான் மெடிக்கல் எய்டிலிருந்து, இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீட்டை அப்படித்தான் சொல்வோம், கடைசிக் கடிதம் வந்தது. பிப்ரவரியில் தொடங்கிய அலைச்சல் ஜூன் மூன்றாம் வாரத்தில் முடிந்திருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நம் ஆட்கள் பலருக்கும் இதே நடக்கிறது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு 49 வயது. அவர் குடும்பம் நான்கு தலைமுறையாக டர்பன். நான் தூத்துக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் வீடு. அவருக்குப் பிரஷருக்கு ஒரு மாத்திரை உண்டு, வேறு வியாதி கிடையாது, சிகரெட்டைத் தொட்டதில்லை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்தார். விரதம் முடிந்த மறுநாள் ராத்திரி, பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்களே, அந்தப் பனி சௌ, ஆட்டுக்கறி போட்டது, வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தார். பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது. இடது தோள் கனக்கிறது என்றார். அத்தை விபூதியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், நான் கார் சாவியை எடுத்தேன்.

போனது தப்பில்லை. இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். எரிச்சலா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்கிற விஷயம் இல்லை அது. இங்குள்ள இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது என்பது இந்த ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். என் மாமனார் 54 வயதில் போனவர்.

தனியார் மருத்துவமனை, கேஷுவால்டி என்கிற அவசரச் சிகிச்சைப் பிரிவு. நர்ஸ் உடனே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். கையில் ஊசி போட்டு நான்கைந்து குழாய் ரத்தம் எடுத்தார். இதெல்லாம் டாக்டர் வந்து பார்ப்பதற்கு முன்பே. ரத்தத்துக்கான படிவம் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தது. "செஸ்ட் பெயின் என்றால் இது வழக்கமாகப் போகும் பட்டியல், மேடம்" என்றார் நர்ஸ். நானும் தலையாட்டினேன். அந்தப் படிவத்தை வாங்கி ஒரு தடவை பார்த்திருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும்.

இளம் டாக்டர் வந்தார். ஈசிஜி சரியாக இருக்கிறது, ட்ரோபோனின் சரியாக இருக்கிறது, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறுவது. ஏற நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டு தடவை பார்க்கிறார்கள். அதை அவர் பொறுமையாகவே விளக்கினார். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாக்கியத்தில்தான் எல்லாம் மாறியது. "டி-டைமர் கொஞ்சம் கூட இருக்கிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம். சிடி எடுத்துவிடுவோம்." டி-டைமர் என்பது உடம்பில் ரத்தம் கட்டிக் கரையும்போது ரத்தத்தில் ஏறுவது. 0.50-க்குள் இருக்க வேண்டியது 0.58. நுரையீரலில் கட்டி என்று காதில் விழுந்த பிறகு எந்த மனைவி வேண்டாம் என்பாள்? அதிகாலை 1.40-க்கு ஸ்கேன். ரத்தக்கட்டி இல்லை. ஆனால் வலது நுரையீரலில் 4 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்ற குறிப்போடு.

இரண்டாவது ட்ரோபோனினும் சுத்தம். நான் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். அந்த டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்போது வீட்டுக்குப் போனால் கேஷுவால்டி செலவெல்லாம் உங்கள் அன்றாடக் கணக்கிலிருந்து போகும். ராத்திரி அட்மிட் பண்ணிவிட்டால் ஹாஸ்பிட்டல் பெனிஃபிட்டில் வந்துவிடும். காலையில் ஃபிசிஷியனும் இதய டாக்டரும் பார்த்துவிடுவார்கள்." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் எங்களுக்கு வந்த பில்களில் பாதி அந்த நல்லெண்ணத்தில் பிறந்தது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரியும். எங்கள் மாதிரி நடுத்தரத் திட்டத்தில், படுக்கையில் சேர்ந்தால் மெடிக்கல் எய்ட் ஸ்கீம் கட்டும். சேராமல் செய்கிற டெஸ்ட் எல்லாம் ஸ்கீமிலேயே நமக்கென்று இருக்கும் சேவிங்ஸ் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கு தீர்ந்தால் நம் கையிலிருந்து. வெறும் ஹாஸ்பிட்டல் பிளான் வைத்திருப்பவர்களுக்குச் சேவிங்ஸே கிடையாது. ஆகவே நோயாளிக்கு இரக்கப்படுகிற டாக்டர்கூட அவரைக் கட்டிலில் ஏற்றுகிறார். கட்டிலில் ஏறிவிட்டால் காலையில் வருகிற ஒவ்வொரு டாக்டரும் தன் பங்குக்கு ஒன்று எழுதுகிறார். ஃபிசிஷியன் வந்தார், மறுபடி ரத்தம். இதய டாக்டர் வந்தார், வார்டிலேயே எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட். எக்கோ நன்றாக இருந்தது. "எதற்கும் ஒரு ட்ரெட்மில் பார்த்துவிடலாம், கீழே என் அறைக்கு வாருங்கள்" என்றார். டிஸ்சார்ஜ் போட்டது 10.20. ட்ரெட்மில் ஏறியது 11.30. இந்த எழுபது நிமிஷம் எவ்வளவு விலை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

எல்லாம் நார்மல். ஒரு மாத்திரைச் சீட்டு, வயிற்று அமிலத்துக்கு. பகல் ஒரு மணிக்கு வீட்டில் ரசஞ்சோறு சாப்பிட்டார்.

பிறகு பில்கள். மருத்துவமனையின் படுக்கைக் கட்டணத்தை ஸ்கீம் நேரடியாகக் கட்டிவிட்டது, அதில் தொல்லையில்லை. மற்ற ஆறும் மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கேஷுவால்டி டாக்டர் 1,650 ராண்ட். லேப் முதல் பில் 5,940. லேப் இரண்டாவது பில் 4,310. ஸ்கேன் 14,480. ஃபிசிஷியன் 3,200. இதய டாக்டர் 7,900. மொத்தம் 37,480 ராண்ட். ஒரே கட்டடம், ஒரே ராத்திரி, ஆறு உறைகள்.

ஏன் ஆறு என்று அப்போதுதான் புரிந்தது. இந்த நாட்டில் தனியார் மருத்துவமனை டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சிலின் நெறிமுறை பொதுவாக இடம் கொடுப்பதில்லை. வியாபாரம் மருத்துவத்தை ஆட்டி வைக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி. நடைமுறையில் என்ன ஆகிறது? டாக்டர் அந்தக் கட்டடத்தில் அறை எடுத்துத் தனிக்கடை போல நடத்துகிறார். லேபும் ஸ்கேனும் தனித்தனி நிறுவனங்கள். கேஷுவால்டிகூட வேறொரு டாக்டர் குழு குத்தகைக்கு நடத்துவது. ஒவ்வொருவருக்கும் தனி ப்ராக்டிஸ் நம்பர், செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் தனிக் கூலி. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து 'இது போதும்' என்று சொல்ல வேண்டியவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கிடையாது.

ஸ்கீம் மூன்றை முழுதாகவும் ஒன்றைப் பாதியாகவும் தள்ளிவிட்டது. கேஷுவால்டி, லேப் முதல் பில், ஸ்கேன் மூன்றும் அட்மிஷனுக்கு முன்னால் நடந்தவையாம். அட்மிஷன் நேரம் 2.50 என்று பதிந்திருக்கிறது, ஸ்கேன் 1.40. ட்ரெட்மில் 3,500 டிஸ்சார்ஜுக்குப் பின்னால் நடந்ததாம். ஆக 25,570 ராண்ட். சேவிங்ஸில் கிடந்த 1,120-ஐயும் கேட்காமல் எடுத்துக்கொண்டு மீதி 24,450 எங்கள் தலையில். அட்மிட் பண்ணினால் எல்லாம் வந்துவிடும் என்று சொன்ன டாக்டருக்கும் இந்த நேரக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லை. பணத்துக்காக இல்லை. 4 மில்லிமீட்டர் புள்ளிக்காக. கேன்சராக இருந்தால் பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்று இருட்டில் கேட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் குரல் அப்படிக் கேட்டதில்லை.

முதலில் ஸ்கீமுக்குப் போன் போட்டேன். நான்கு நாள், ஏழு ஆட்கள். ஒவ்வொருவரிடமும் உறுப்பினர் எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏழாவது பெண்தான் காரியத்தைச் சொன்னாள்: "லேப் பில்லில் கோடு, அதாவது நோய்க்கான குறியீடு, இசட் 00.0 போட்டிருக்கிறது. அது பொதுவான உடல் பரிசோதனைக்கான கோடு. செக்கப்புக்கு நாங்கள் கட்ட மாட்டோம்."

நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவரை, ஆரோக்கியமாகச் செக்கப்புக்குப் போனவர் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு பில்லிலும் ஐசிடி-10 என்ற உலகப் பொதுப் பட்டியலின் கோடு இருந்தாக வேண்டும். நெஞ்சுவலி ஆர் 07.4. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டுக் கண்காணித்தது இசட் 03.4. யாரோ ஒரு கணக்கர் அவசரத்தில் தட்டிய ஒரு கோடு, 5,940 ராண்ட். பில் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள், முதலில் கோடு என்ன என்று பாருங்கள். பில்லில் சின்ன எழுத்தில் இருக்கும். அர்த்தம் புரியாவிட்டால் குடும்ப டாக்டரின் ரிசப்ஷனில் காட்டுங்கள், அவர்களுக்கு மனப்பாடம்.

லேபின் கணக்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நேரில் வாருங்கள் என்றார்கள். அரை நாள் லீவு போட்டு, சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்ஷ்லாங்கா வரை ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பில்லைக் கையில்கூட வாங்கவில்லை. "டாக்டர் கடிதம் இல்லாமல் கோடு மாற்ற முடியாது." போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "போனில் பேசியது நான் இல்லை." அவ்வளவுதான். விதி என்னவோ சரிதான். கணக்கர் இஷ்டத்துக்கு நோயை மாற்றி எழுதக் கூடாது, எழுதினால் அது மோசடி. அதைச் சொல்ல ஒருவரை நாற்பது நிமிஷம் ஓட்டிக்கொண்டு வரச்சொல்ல வேண்டுமா?

அடுத்த நாள் மருத்துவமனை. முன்மேசையில் அந்த இளம் டாக்டரின் பெயரைச் சொன்னேன். "அவர் எங்கள் ஆள் இல்லை." சட்டையில் உங்கள் பெயர் பின்னியிருந்ததே என்றேன். "கேஷுவால்டி டாக்டர்கள் தனி ப்ராக்டிஸ், மேடம்." கேஷுவால்டிக்கு நடந்தேன். அவர் மாற்று ஏற்பாட்டில் வந்தவர், வேலை முடிந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போய்விட்டார். மேனேஜர் வியாழக்கிழமை வருவார். வியாழக்கிழமை போனால் சிஸ்டம் ஓடவில்லை. இப்படி மூன்று பயணம். மூன்றாவதில் ஒரு நல்ல மனுஷி, வருகிறவர்களை அவசரத்துக்கு ஏற்பத் தரம் பிரிக்கிற டிரயாஜ் நர்ஸ், மேனேஜரின் ஈமெயிலை எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே எழுதினேன். ஒன்பது நாளில் கடிதம் வந்தது, சரியான கோடுகளோடு. கட்டடம் கட்டடமாக அலைவதைவிட ஒரு ஈமெயில் மேல். தேதி நிற்கும், யாரும் 'போனில் பேசியது நான் இல்லை' என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகள் வந்தாள். இரண்டு வருஷம் இன்டர்ன்ஷிப் முடித்து, அரசு மருத்துவமனையில் கம்யூனிட்டி சர்வீஸ் வருஷம் செய்கிறவள். ரிப்போர்ட்டையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

"மாமி, இருபது டெஸ்ட் பண்ணினா ஒண்ணாவது தப்பாத்தான் வரும்" என்றாள். அவள் சொன்ன கணக்கு இது: நார்மல் அளவு என்று போடுவது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லையை. மீதி 5 சதவீதம் நோயில்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு. தாண்டியதைத் துரத்த அடுத்த டெஸ்ட், அது காட்டியதைத் துரத்த அடுத்தது. டி-டைமர், சிடி, புள்ளி, மூன்று மாதத்தில் மறு சிடி. எங்கள் வீட்டில் நடந்ததை அவள் அப்படியே வரிசையாகச் சொன்னாள்.

டி-டைமர் எடுத்திருக்கவே வேண்டாம் என்றாள். ரத்தக்கட்டிச் சந்தேகம் குறைவாக இருக்கும் ஆளுக்கு எட்டுக் கேள்வி இருக்கிறதாம்: வயது 50-க்குக் கீழா, நாடித்துடிப்பு நூறுக்குக் கீழா, ஆக்சிஜன் சரியா, ஒரு கால் வீக்கம் உண்டா, இருமலில் ரத்தம் வந்ததா, அண்மையில் ஆபரேஷனோ பெரிய அடியோ, முன்பு ரத்தக்கட்டி வந்ததா, ஹார்மோன் மாத்திரை உண்டா. எட்டிலும் கவலையில்லை என்றால் அந்த ரத்த டெஸ்டே தேவையில்லை. அவருக்கு எட்டிலும் கவலையில்லை. ஒரு நிமிஷம் கேட்கிற கேள்விகள். ஆனால் டாக்டர் வருவதற்கு முன்பே டிக் அடித்த படிவம் கேள்வி கேட்காது.

நான் கோபத்தில், லேபிலிருந்து டாக்டர்களுக்குக் கமிஷன் போகிறதா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. கமிஷன் வாங்குவது கவுன்சில் விதிப்படி குற்றம், அந்த இளம் டாக்டருக்கு ரத்த டெஸ்டால் ஒரு செண்டும் கிடைத்திருக்காது என்றாள். "அவருக்குப் பயம், மாமி. ஒரே ஒரு ஹார்ட் அட்டாக்கைத் தவறவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் போதும், கோர்ட், கவுன்சில், பேர் போச்சு. அதிகமா டெஸ்ட் எழுதினதுக்காக எந்த டாக்டரையும் யாரும் கோர்ட்டுக்கு இழுத்ததை நான் கேட்டதில்லை." டாக்டர்கள் வழக்குப் பயத்துக்காகக் கட்டுகிற காப்புறுதி வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, பிரசவ டாக்டர்கள் பலர் அதனாலேயே தனியார் பிரசவம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னாள். இதய டாக்டரின் ட்ரெட்மில் வேறு கதை. அது அவருடைய சொந்த மிஷின், ஏறுகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்கே கூலி. அதில் தேவை எங்கே முடிகிறது, வருமானம் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கே தெரியாமல் போகலாம் என்றாள்.

இதெல்லாம் என் வயிற்றெரிச்சலில் சொல்வதில்லை. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற இந்த நாட்டின் போட்டி ஆணையம் தனியார் மருத்துவச் சந்தையைப் பல வருஷம் விசாரித்து, முன்னாள் தலைமை நீதிபதி சண்டிலே என்கோபோ தலைமையில் 2019 செப்டம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. காரியத்துக்குக் காரியம் கூலி என்ற முறையும், வழங்குபவர்களே தேவையை உண்டாக்குவதும் செலவை ஏற்றுகின்றன என்று அதில் தெளிவாக இருக்கிறது. படித்தபோது எங்கள் ஆறு உறைகளும் கண்முன் வந்தன.

அவள் வேலை செய்யும் அரசு மருத்துவமனையில் கம்ப்யூட்டரே வாயில்காவல் நிற்கிறதாம். சில நாள் முன்பு எடுத்த டெஸ்டை மறுபடி கேட்டால் தேசிய லேப் சேவையின் சிஸ்டம் தடுத்துவிடும், வேண்டுமென்றால் மேல் டாக்டரிடம் காரணம் சொல்லிப் போராட வேண்டும். அங்கே வரிசையும் பற்றாக்குறையும் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அதை உயர்த்திப் பேச வரவில்லை. ஆனால் எங்கள் லேப் முதல் பில்லை அவள் பேனாவால் கோடிட்டுக் காட்டியபோது எனக்கு உடம்பு பதறியது. கொலஸ்ட்ரால், மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு, விட்டமின் டி. நான்கையும் மூன்று வாரம் முன்புதான் குடும்ப டாக்டர் பிரஷருக்கான வருடாந்தரச் சோதனையில் எடுத்திருந்தார். வேறு லேப். ஒரு லேபின் ரிசல்ட் இன்னொன்றின் சிஸ்டத்தில் தெரியாது. கேஷுவால்டியில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாரடைப்பா என்று நள்ளிரவில் பார்ப்பதற்கு விட்டமின் டி எதற்கு என்று இன்றுவரை யாரும் பதில் தரவில்லை. அந்த நான்குக்கும் 2,180 ராண்ட்.

திங்கட்கிழமை குடும்ப டாக்டரிடம் போனோம். இருபது வருஷமாகச் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்திருப்பவர். ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். சிகரெட் உண்டா, குடும்பத்தில் நுரையீரல் கேன்சர் உண்டா, சுரங்கத்திலோ அஸ்பெஸ்டாஸிலோ வேலை பார்த்ததுண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் சங்கமான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதலைக் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்கே காட்டினார்: ஆபத்துக் குறைவான ஆளுக்கு 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் புள்ளிக்குத் தொடர் ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை. "பழைய காசநோய்த் தழும்பு, சின்ன வயதில் வந்த ஏதோ தொற்று, எதுவும் இருக்கலாம். இந்த நாட்டில் நிறையப் பேர் நெஞ்சில் இப்படிப் புள்ளி இருக்கும். ஸ்கேன் எடுக்காததால் தெரியாது." வழிகாட்டுதலின் பெயரையும் வருஷத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் காரில் ஏறி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அந்த டாக்டருக்குக் கொடுத்தது 550 ராண்ட்.

இனி ஸ்கீமோடு சண்டை. லேப் கோடு மாறிவிட்டது. ஆனாலும் அட்மிஷனுக்கு முன் என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இங்கேதான் சட்டம் கை கொடுத்தது. 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ், அவசரச் சிகிச்சை, எந்த ஸ்கீமும் கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் சேர்ந்தது. பிஎம்பி என்று சுருக்கிச் சொல்வார்கள். அது பிஎம்பி என்றால் சேவிங்ஸில் கைவைக்கக் கூடாது, உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவான ரிஸ்க் கணக்கிலிருந்து ஸ்கீமே கட்ட வேண்டும். ஆனால் அவசரம்தான் என்று நாம் காட்ட வேண்டும். கடைசியில் அது நெஞ்செரிச்சல் என்று தெரிந்ததால் அவசரமே இல்லை என்பது ஸ்கீமின் வாதம்.

எதை வைத்துக் காட்டுவது? டிரயாஜ் தாள். கேஷுவால்டிக்குள் நுழைந்ததும் நிறம் குறிப்பார்களே, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று, அந்தத் தாள். அதை வாங்க மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பகுதிக்குப் போனேன். "டாக்டருக்கு மட்டும்தான் தருவோம்" என்றார் அங்கிருந்தவர். 2000-ஆம் ஆண்டுத் தகவல் அணுக்கச் சட்டத்தின்படி நோயாளி தன் பதிவைக் கேட்கலாம், படிவத்தைக் கொடுங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்துப் படிவத்தோடு வந்தார். வீட்டுக்காரர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், நகல் எடுக்கும் காசு. எட்டாவது நாள் கைக்கு வந்தது.

தாளில் 23.40, நெஞ்சுவலி, வியர்வை, ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் பத்து நிமிஷத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டிய மிக அவசரம். அவர்கள் கையாலேயே எழுதியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தத் தாள், கேஷுவால்டி கடிதம், என் மாமனாரைப் பற்றிக் குடும்ப டாக்டர் எழுதிய குறிப்பு, மூன்றையும் வைத்து ஸ்கீமுக்கு எழுத்தில் முறையீடு அனுப்பினேன். கடைசி வரியில், பதில் சரியில்லை என்றால் ஸ்கீம்களைக் கண்காணிக்கிற, சென்சூரியனில் இருக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் போவேன் என்று எழுதினேன். அங்கே புகார் கொடுக்கக் காசு கிடையாது, முதலில் ஸ்கீமிடம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பில்லை ஸ்கீமிடம் கொடுக்கக் காலக்கெடு உண்டு, சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின் நான்காவது மாதக் கடைசி. எங்கள் பிப்ரவரிக்கு ஜூன் 30. கோடு தப்பு என்று திருப்பினால் திருத்திக் கொடுக்க அறுபது நாள் உண்டு. எனக்கு இது தெரிய வந்தபோது ஏப்ரல் பாதி ஓடிவிட்டது. கால் சென்டர் பேச்சில் நாளைக் கரைத்துவிடாதீர்கள்.

நேற்று வந்த கடிதத்தில் கேஷுவால்டி, ஸ்கேன் இரண்டும் முழுதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். லேப் பில்லில் 3,760-ஐ ஏற்றுக்கொண்டு அந்த நான்கு டெஸ்டையும் விட்டுவிட்டார்கள். ட்ரெட்மில்லும் இல்லை. அதில் எனக்கு வழக்கு இல்லை, டிஸ்சார்ஜ் ஆன ஆளை அவசரம் என்று சொல்ல முடியாது. 5,680-இல் சேவிங்ஸ் போக 4,560 நாங்கள் கட்டினோம். 24,450-இலிருந்து 4,560.

ட்ரெட்மில்லுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, என்னென்ன பரிசோதனைகள் உண்டு, அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு என்ன என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு என்கிறது. நாத்தனார் மகள் எனக்கு ஒரே கேள்வி கற்றுக் கொடுத்தாள்: "இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது மாறுமா, டாக்டர்?" முதல் ஈசிஜிக்கும் ட்ரோபோனினுக்கும் பதில் 'ஆமாம்' என்றுதான் வந்திருக்கும். விட்டமின் டி-க்கு என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

போன மாதம் அத்தைக்குத் தலைசுற்றல் என்று அதே கேஷுவால்டிக்குப் போக வேண்டி வந்தது. ரத்தப் படிவத்தை வாங்கிப் படித்தேன். குடும்ப டாக்டரின் ரிசல்ட் படங்கள் என் போனில் இருந்தன, காட்டினேன். இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து ஐந்து டிக்கை அடித்து நீக்கினார். "இவை இருந்தால் எனக்கும் நல்லதுதான். யாரும் கொண்டுவருவதில்லை" என்றார். பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்து இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்.

மே மாதம் ஸ்கேன் சென்டரிலிருந்து நினைவூட்டல் வந்தது. ரத்து செய்யப் போன் போட்டபோது காரணம் கேட்டார்கள். குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். அந்தச் சீட்டு இப்போதும் அவருடைய பர்ஸில், காவடிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார்.